வேவு பார்க்கப் போனவர் கண்டது

தாதிமை இல்லம் என்றதும் நம் மனத்தில் எழும் முதல் கேள்வி, ‘அங்கே பெரியவர்களைச் சரியாகக் கவனிப்பார்களா?’ என்பதுதான். அந்தக் கேள்வியோடு தொடங்கும் ஓர் ஆவணப்படத்தைப் பற்றி இன்று பேசுவோம், நேயர்களே.

சிலி நாட்டு இயக்குநர் மாய்த்தே அல்பெர்டி எடுத்த ‘தி மோல் ஏஜென்ட்’ 2020-இல் வெளிவந்தது. மறு ஆண்டே, சிறந்த ஆவணப்படத்திற்கான ஆஸ்கார் விருதுக்கு முன்மொழியப்பட்டது.

இல்லத்தில் தன் தாயாருக்குக் கொடுமை நடக்கிறதோ எனச் சந்தேகித்த மகள் ஒருவர், தனியார் துப்பறிவாளரை நாடுகிறார். 80 முதல் 90 வயதுக்குட்பட்ட ஆண் வேலைக்குத் தேவை என்று துப்பறிவாளர் பத்திரிகையில் விளம்பரம் செய்கிறார். அண்மையில் மனைவியை இழந்த, 83 வயது செர்ஹியோ சாமி தேர்வாகிறார். கேமரா மறைத்த மூக்குக்கண்ணாடியையும் கைத்தொலைபேசியையும் இயக்கக் கற்றுக்கொண்டு, எல் மோன்டே நகரிலுள்ள இல்லத்தில் மூன்று மாதங்களுக்குக் குடியேறுகிறார். முதுமை பற்றிப் படமெடுப்பதாகக் கூறி, படக்குழுவும் அங்கே அனுமதி பெற்றிருந்தது.

அடியையும் திருட்டையும் தேடிப் போனவர் கண்டது வேறு. தாதியர் தங்கள் வேலையைச் செய்கிறார்கள். ஆனால், வாசலைப் பார்த்தபடி பலர் காத்திருக்கிறார்கள். ஒரு மூதாட்டி, என்றோ மறைந்த தம் தாயார் வந்து அழைத்துப் போவார் என்று நம்புகிறார். அவரைத் தேற்ற, ஊழியரே தாயார்போல் தொலைபேசியில் பேசுகிறார். நினைவு தப்பும் இன்னொருவருக்கு, அவருடைய பிள்ளைகளின் படங்களைத் தேடித் தருவிக்கிறார் செர்ஹியோ. வேவு பார்க்க வந்தவர், அவர்களுக்குத் துணையாகிவிடுகிறார்.

அவருடைய கடைசி அறிக்கையில் இல்லத்தின்மீது குற்றச்சாட்டு இல்லை. இவர்களை வாட்டுவது தனிமை. பார்க்க யாரும் வருவதில்லை என்பதே அதன் சாரம். அப்படியானால், விசாரிக்கப்பட வேண்டியவர் யார்?

சிங்கப்பூரில் 1995-இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது. தங்களைப் பராமரித்துக்கொள்ள இயலாத 60 வயதைக் கடந்த பெற்றோர், பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டு நடுவர் மன்றத்தை நாடலாம். பணத்தைச் சட்டம் பெற்றுத் தரும். பக்கத்தில் உட்கார்ந்து, ‘சாப்பிட்டீர்களா, அம்மா?’ என்று கேட்கும் குரலை எந்த மன்றம் பெற்றுத் தரும்?

பெற்றோரை இல்லத்தில் சேர்ப்பதே பாவம் என்று நாம் சொல்ல வரவில்லை. படுக்கையில் இருப்பவரை, வேலைக்குப் போகும் பிள்ளைகளால் நாள் முழுவதும் கவனிக்க முடியாமல் போகலாம். சேர்ப்பது ஒருநாள் முடிவு; போய்ப் பார்ப்பது ஒவ்வொரு வாரத்துக் கடமை.

இல்லத்தில் உங்களுக்கு வேண்டியவர் யாரேனும் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.