இரத்தத்துக்குள் அண்டை அயல்

அண்டை அயலாரின் குணத்தைப் பொறுத்தே ஒரு குடியிருப்பின் சுகம் அமைகிறது என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் அனுபவத்தில் கண்ட உண்மை. வீடு எவ்வளவு விசாலமாயிருந்தாலும், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்காரராயிருப்பின் நிம்மதி ஏது? இவ்வுண்மை தெருவுக்கு மட்டுமின்றி, நமது உடலுக்குள்ளே பூதக் கண்ணாடிக்கும் புலப்படாத அளவில் இயங்கிவரும் புரதங்களுக்கும் பொருந்தும் என்று விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். எது எதன் அருகில் அமர்கிறது என்னும் இச்சிறு விஷயத்தில் ஒரு குழந்தையின் ஆயுளே அடங்கியிருக்கக்கூடும். அதனை இயன்ற வரையில் எளிதாக நேயர்களுக்கு விளக்க முற்படுகிறோம்.

புரதச் சத்து என்றவுடன் பருப்பும் பாலும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் புரதம் என்பது ஒரே ஒரு பொருளன்று. தசை, தோல், மயிர், உணவைச் செரிக்கச் செய்யும் ரசங்கள், இரத்தத்தின் செந்நிறம் ஆகிய யாவும் வெவ்வேறு புரதங்களின் காரியம். அவை எல்லாவற்றுக்கும் மூலப்பொருள் 20 வகை அமினோ அமிலங்களே. சில எழுத்துக்களைக் கொண்டே கணக்கற்ற சொற்களை நாம் ஆக்கிக்கொள்ளவில்லையா? அவ்வாறே இயற்கையும் இந்த 20 உறுப்புக்களைப் பலவித வரிசைகளில் கோத்துப் பல்லாயிரம் புரதங்களைப் படைக்கிறது.

கோத்த மாத்திரத்தில் வேலை முடிந்துவிடுவதில்லை. நீண்ட மல்லிகைச் சரம் ஒன்றை உள்ளங்கையில் சுருட்டி வைத்திருப்பதாகப் பாவிப்போம். சரத்தில் மூன்றாவதாகக் கட்டிய பூவும் ஐம்பதாவதாகக் கட்டிய பூவும் இப்போது ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கலாம். சரத்தில் அவை தூரம். சுருளில் அவை அண்டை. புரதச் சங்கிலியும் இவ்விதமே மடிந்து தனக்கென ஓர் உருவத்தை அடைகிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பூச்சரம் நாம் சுருட்டியபடியெல்லாம் சுருளும். புரதமோ பெரும்பாலும் தனக்குரிய ஒரே விதத்தில்தான் மடியும். அதற்குக் காரணம் உறுப்புக்களுக்கிடையே ஏற்படும் தொடர்புகளாகும்.

அத்தொடர்புகள் பலதிறப்பட்டவை. சில உறுப்புக்கள் எண்ணெயின் குணமுடையவை. அவை தண்ணீரைக் கண்டு ஒதுங்கித் தம்மினத்தோடு சேர்ந்து சுருளின் உட்புறத்தில் பதுங்கிக்கொள்ளும். வேறு சில மின்சாரம் ஏறியவை. அவற்றில் நேர் மின்னுடையது எதிர் மின்னுடையதை நாடும். ஒத்த மின்னுடையவை ஒன்றையொன்று விலக்கும். இன்னும் சில, ஹைட்ரஜன் அணு ஒன்றை நடுவில் வைத்துக் கைகோத்துக்கொள்ளும். இவை தனித்தனியே பலவீனமானவைதாம். ஆயினும் நார் நாராகத் திரித்த வடம் தேரையே இழுப்பதுபோல், நூற்றுக்கணக்கான இச்சிறு தொடர்புகள் கூடிப் புரதத்தின் உருவத்தைத் தாங்கி நிற்கின்றன.

சென்னையில் போட்ட கணக்கு

எவ்வளவு நெருங்கினால் அண்டை? எவ்வளவு நெருங்கினால் மோதல்? ஒரு சென்டிமீட்டரைப் 10 கோடி பங்காக்கினால் வரும் ஒரு பங்குக்கு ஆங்ஸ்ட்ராம் என்று பெயர். ஒன்றோடொன்று பிணைக்கப்படாத இரண்டு கார்பன் அணுக்கள் ஏறத்தாழ 3 ஆங்ஸ்ட்ராமுக்கும் குறைவாக நெருங்க இசைவதில்லை.

இந்த எளிய விதியைக் கொண்டு ஓர் அரிய காரியத்தைச் சாதித்தவர்கள் சென்னைச் சர்வகலாசாலையைச் சேர்ந்த பேராசிரியர் ஜி. என். ராமச்சந்திரனும், அவருடன் உழைத்த ஸி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருமாவர். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் முக்கியமாக இரண்டு இடங்களில் திரும்பக்கூடியது. எந்தெந்தக் கோணங்களில் திருப்பினால் அணுக்கள் முட்டிக்கொள்ளும், எவற்றில் முட்டாது என்று கணக்கிட்டு, 1963-ஆம் ஆண்டில் அதைப் படமாக வெளியிட்டார்கள். அப்படத்தில் பெரும்பகுதி விலக்கப்பட்ட பிரதேசம். சில தீவுகளே புரதத்துக்கு அனுமதிக்கப்பட்ட இடம். இன்றைக்கும் உலகில் எந்த ஆராய்ச்சிக்கூடத்தில் புதிய புரதத்தின் உருவம் கண்டறியப்பட்டாலும், அது சரிதானா என்று பரிசோதிக்க ‘ராமச்சந்திரன் படம்’ என்னும் உரைகல்லையே எடுக்கிறார்கள்.

புரதத்தைப் படிகமாக்கி அதனூடே எக்ஸ்ரே கிரணங்களைச் செலுத்தினால், ஒவ்வோர் அணுவின் ஸ்தானத்தையும் கணக்கிட்டு அறியலாம். அவ்விதம் கண்ட உருவங்களைச் சேர்த்து வைக்க 1971-இல் ஒரு பொதுக் களஞ்சியம் தொடங்கப்பட்டபோது அதில் இருந்தவை 7 மட்டுமே. 2023-இல் அத்தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டிற்று.

இக்களஞ்சியத்திலிருந்து ஒரு புரதத்தை எடுத்து அதன் தொடர்புகளை ஆராயும் முறை கடினமன்று. ஒவ்வோர் உறுப்புக்கும் மற்ற ஒவ்வொன்றுக்கும் உள்ள தூரத்தை அளக்கவேண்டும். 146 உறுப்புக்களுள்ள சங்கிலியில் இப்படி 10,585 ஜோடிகள் உண்டு. கணிப்பொறிக்கு இது கண்ணிமைக்கும் நேரத்து வேலை. பின்னர் சதுரங்கப் பலகைபோல் கட்டங்கள் வரைந்து, 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் உள்ள ஜோடிகளுக்குரிய கட்டங்களில் மட்டும் கறுப்புப் புள்ளி வைப்பார்கள். சங்கிலி திருகுபோல் சுருண்ட இடம் மூலைவிட்டத்தை ஒட்டிய தடித்த கோடாகத் தெரியும். இரண்டு இழைகள் பக்கம் பக்கமாக ஓடும் இடம் தனிக் கோடாகத் தெரியும். ஜாதகக் கட்டத்தைப் பார்த்தவுடன் சோதிடர் கிரக நிலையைச் சொல்வதுபோல, பழகிய கண் இப்படத்தைப் பார்த்த மாத்திரத்தில் புரதத்தின் அமைப்பைச் சொல்லிவிடும்.

இதையே தலைகீழாகச் செய்ய முடியுமா, அதாவது எழுத்து வரிசையை மட்டும் பார்த்து அண்டை அயலை ஊகிக்க முடியுமா என்பது நெடுநாளையக் கேள்வி. பல பிராணிகளிலுள்ள ஒரே இனப் புரதங்களை ஒப்பிட்டால், ஓரிடத்தில் உறுப்பு மாறும்போதெல்லாம் வேறு ஓரிடத்திலும் கூடவே மாறியிருப்பதைக் காணலாம். அவ்விரண்டும் அண்டையாக இருப்பதால்தான் ஒன்றுக்கேற்ப மற்றொன்று ஒத்துப்போகிறது. இக்குறிப்பைப் பெரிதும் துணையாகக் கொண்டு, 2020-இல் ‘ஆல்பாபோல்டு’ என்னும் கணிப்பொறி முறை பல புரதங்களின் உருவத்தை வியக்கத்தக்க நுட்பத்துடன் சொல்லிற்று. அதை வகுத்த டெமிஸ் ஹஸாபிஸ், ஜான் ஜம்பர் ஆகிய இருவரும், புதுப் புரதங்களை அமைக்கும் டேவிட் பேக்கரும் 2024-ஆம் ஆண்டின் ரஸாயன நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஒரே ஓர் உறுப்பு

இவ்வளவும் வெறும் அறிவு விளையாட்டுத்தானா என்று நேயர்கள் கேட்கலாம். அரிவாள் அணு நோயின் வரலாறு அதற்கு விடை கூறும்.

1910-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ஜேம்ஸ் ஹெரிக் என்னும் வைத்தியர், சோகையுற்ற ஓர் இளைஞனின் இரத்தத்தில் அரிவாள்போல் வளைந்த செவ்வணுக்களைக் கண்டு எழுதினார். 1949-இல் லைனஸ் பாலிங்கும் அவர் தோழர்களும் இந்நோயின் வேர் ஹீமோக்ளோபின் என்னும் புரதத்திலேயே இருக்கிறதென்று காட்டினார்கள். பிராணவாயுவைச் சுமந்து செல்லும் இப்புரதத்தில் நான்கு சங்கிலிகளும் 574 உறுப்புக்களும் உண்டு. 1957-இல் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிராம் பிழை எங்கே என்பதையும் கண்டுபிடித்தார். பீட்டா என்னும் சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்கவேண்டும். நோயாளிகளிடம் வாலின் இருந்தது. அவ்வளவே!

இந்தச் சிறு மாறுதல் ஏன் உயிருக்கு உலை வைக்கிறது? குளூட்டாமிக் அமிலம் மின்னேறியது; தண்ணீரோடு இணங்கி வெளிப்புறத்தில் சுகமாக இருக்கும். வாலினோ எண்ணெய்க் குணமுடையது; ஒதுங்க இடம் தேடும். ஹீமோக்ளோபின் பிராணவாயுவை இறக்கி வைத்தவுடன் அதன் உருவம் சற்று மாறுகிறது. அப்போது பக்கத்து ஹீமோக்ளோபினின் பீட்டாச் சங்கிலியில், 85-ஆவது பினைலாலனினும் 88-ஆவது லூசினும் அமைக்கும் ஒரு குழி வாலினுக்கு வாகாகக் கிடைக்கிறது. தாழ்ப்பாள் குழியில் விழுவதுபோல் அது அதில் போய்ப் பொருந்துகிறது. ஒன்று மற்றொன்றைப் பிடிக்க, அது வேறொன்றைப் பிடிக்க, 14 இழைகள் திரித்த கயிறுகள் செவ்வணுவுக்குள் உண்டாகி அதை அரிவாளாக வளைத்துவிடுகின்றன. வளைந்த அணுக்கள் மெல்லிய இரத்தக் குழாய்களை அடைக்கின்றன. தாங்கவொண்ணா வலி உண்டாகிறது. 120 நாள் வாழவேண்டிய செவ்வணு 10 முதல் 20 நாட்களுக்குள் அழிகிறது. இருக்கக்கூடாத ஒரு தொடர்பு ஏற்பட்டதன் பலன் இது.

நோய்க்கு மாற்றும் இயற்கையிலேயே ஒளிந்திருக்கிறது. கருவிலுள்ள சிசுவின் ஹீமோக்ளோபினில் பீட்டாவுக்குப் பதிலாகக் காமா என்னும் சங்கிலி இருக்கிறது. அதன் சில உறுப்புக்கள், முக்கியமாக 87-ஆவது இடத்திலுள்ள குளூட்டமின், இக்கயிறு திரிவதைத் தடுக்கின்றன. இந்நோயுடன் பிறக்கும் குழந்தைகள் முதற் சில மாதங்கள் துன்பமின்றி இருப்பது இதனாலேயே. ஹைட்ராக்ஸியூரியா என்னும் மருந்து சிசு ஹீமோக்ளோபினை மீண்டும் அதிகரிக்கச் செய்து வேதனையைக் குறைக்கிறது. 2023-இல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அனுமதிக்கப்பட்ட மரபணுத் திருத்தச் சிகிச்சையின் நோக்கமும் அதுவே. அதன் விலையோ சாமானியர் நெருங்க முடியாதது.

நமது நாட்டிலும்

இது அயல்நாட்டு நோய் என்று அலட்சியமாயிருப்பதற்கில்லை. 1952-ஆம் ஆண்டில் லெஹ்மனும் கட்புஷும் நமது நீலகிரியின் பழங்குடி மக்களிடையே இதன் கூற்றைக் கண்டு உலகுக்குத் தெரிவித்தார்கள். மத்திய இந்தியாவின் மலைவாழ் மக்களிடமும் இது மிகுந்திருக்கிறது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இப்பிழையைப் பெற்றவர்கள் சாதாரணமாக நலமாகவே இருப்பார்கள். கொடிய மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் பெறுவார்கள். மலேரியா மலிந்த பிரதேசங்களில் இது நிலைத்திருப்பதன் காரணம் அதுதான். ஆனால் தாய், தந்தை இருவரிடமும் இக்கூறு இருக்குமாயின், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

2023-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி மத்திய சர்க்கார் இந்நோயை 2047-க்குள் ஒழிக்கும் இயக்கத்தைத் தொடங்கி, பழங்குடிப் பகுதிகளில் 7 கோடி மக்களின் இரத்தத்தைச் சோதிக்கத் திட்டமிட்டது. சோதனைக்கு வேண்டியது விரல் நுனியில் ஒரு துளி இரத்தமே. இந்நோய் காணப்படும் பகுதிகளில், ஜாதகப் பொருத்தம் பார்க்கும் அக்கறையில் பாதியையேனும் அத்துளியின்பால் காட்டினால், எத்தனையோ தாய்மார் கண்ணீர் வடிக்காமலிருக்கலாம். 574-இல் எந்தச் சங்கிலியில், எந்த இடத்தில் பிழை என்று அறிவதற்கு உலகத்து அறிஞர்கள் அரை நூற்றாண்டு பாடுபட்டார்கள். அவ்வறிவை மலையடிவாரத்துக் குடிசை வரையில் கொண்டு சேர்ப்பது நம் அனைவருடைய பொறுப்பாகும்.