ஒரே கேம், இரண்டு இசை

வீடியோ கேம் என்றாலே "வேலை வெட்டி இல்லாதவன் சமாச்சாரம்" என்று முகம் சுளிக்கும் நண்பர்களே, இந்த ஒரு பக்கத்தை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். இது நம்ம எலெக்ட்ரானிக்ஸ் லேப் சமாச்சாரம்தான்.

ஜப்பானின் கொனாமி கம்பெனி 1986-ல் தொடங்கிய பேய்க்கோட்டை வரிசைதான் 'காசில்வேனியா'. அதன் 'காசில்வேனியா 3' ஜப்பானில் 1989-லும் (அங்கே பெயர் 'அக்குமாஜோ தென்செட்சு') அமெரிக்காவில் 1990-லும் வந்தது. கதை சின்னது. 1476-ம் வருடம், பெல்மான்ட் வம்சத்து வீரன் ஒருவன் சாட்டையோடு டிராகுலாவை ஒழிக்கக் கிளம்புகிறான். அவ்வளவுதான்.

முதல் கட்டத்தில் வரும் 'பிகினிங்' இசையை இரண்டு பதிப்பிலும் அடுத்தடுத்துக் கேட்டேன். மெட்டு ஒன்றே. ஆனால் ஜப்பான் பதிப்பில் ஒரு முழு வாத்தியக் கோஷ்டி. அமெரிக்கப் பதிப்பில் பாதிப் பேர் லீவு!

காரணம் என்ன? ஃபேமிகாம் மெஷினுக்குள் 5 சானல்: இரண்டு ஸ்கொயர் வேவ், ஒரு ட்ரையாங்குலர், ஒரு நாய்ஸ், ஒரு சாம்பிள். கொனாமி தன் கார்ட்ரிட்ஜுக்குள் வி.ஆர்.சி.6 என்ற ஐ.சி.யை வைத்து இன்னும் 3 சானல் சேர்த்தது: இரண்டு ஸ்கொயர், ஒரு சா-டூத். சா-டூத் எப்படி வருகிறது தெரியுமா? ஒரு எண்ணைத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டே போய், சட்டென்று பூஜ்யமாக்குவது. நம்ம டிஜிட்டல் பேப்பரில் வரும் ஆடரும் ரிஜிஸ்டரும்தான், வேறொன்றுமில்லை.

ஃபேமிகாமில் சத்தம் ஒரு பின் வழியாக கார்ட்ரிட்ஜுக்குள் போய், அங்கே கலந்து, இன்னொரு பின் வழியாகத் திரும்பும். அமெரிக்காவுக்கு வந்த என்.இ.எஸ். மெஷினில் இந்த இரண்டு பின்னையும் எடுத்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், மொத்த பின்கள் 60-லிருந்து 72 ஆகக் கூடின! கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆடியோவுக்கான 2 போனது, கள்ளக் கார்ட்ரிட்ஜைத் தடுக்கும் பூட்டு ஐ.சி.க்கு 4 வந்தது. மெஷினின் அடியில் இருந்த போர்ட்டுக்கு 10 போனது. அந்த போர்ட்டில் மாட்ட நின்டெண்டோ ஒரு சாதனமும் விற்கவில்லை. பூட்டுக்கு இடம் இருந்தது, பாட்டுக்கு இல்லை.

போதாதற்கு, அமெரிக்காவில் கார்ட்ரிட்ஜை நின்டெண்டோவே தயாரித்தது. கொனாமி தன் ஐ.சி.யை வைக்க முடியாது. எனவே நின்டெண்டோவின் எம்.எம்.சி.5 உள்ளே வந்தது, இசையை 5 சானலுக்குச் சுருக்கி எழுதினார்கள். (கிரான்ட் என்ற துணைப் பாத்திரம் எறிந்துகொண்டிருந்த கத்தியையும் பிடுங்கி, பக்கத்தில் குத்த மட்டும் விட்டார்கள். அதற்கு எந்தப் பின்னும் காரணமில்லை!)

இன்றைக்கு ஆர்வலர்கள் அந்த அடி போர்ட்டில் ஒரு ரெசிஸ்டரை சால்டர் செய்து, அடாப்டர் போட்டு ஜப்பான் கார்ட்ரிட்ஜை மாட்டுகிறார்கள். எட்டு சானலும் கேட்கிறது.