சொட்டு... சொட்டு... ஸ்டாப்!

கிச்சன் குழாய் சொட்டுதா? அடியில ஒரு வாளியை வச்சுட்டு, 'ப்ளம்பர் வரட்டும்'னு நழுவுற ஆளா நீங்க? அப்போ இந்த மும்பை தாத்தாவைத் தெரிஞ்சுக்கோங்க மக்கா!

ஆபித் சுர்தி. இந்திரஜால் காமிக்ஸ் ஹீரோ 'பகதூரை' உருவாக்கியவர். 2007-ல், எழுபது வயசைத் தாண்டிய பிறகு, ஒரு ப்ளம்பரோட ஞாயிறுதோறும் மீரா ரோடு அபார்ட்மென்ட் கதவுகளைத் தட்டினார். ஒழுகுற குழாய்களை இலவசமா சரிசெஞ்சு கொடுத்தார். முதல் வருஷமே 1,666 வீடுகள், 414 குழாய்கள்!

விநாடிக்கு ஒரு சொட்டுன்னா, நாளைக்கு 86,400 சொட்டு. 20 சொட்டு ஒரு மில்லின்னு வச்சாலே 4 லிட்டருக்கு மேல காலி! சாகுபுரத்தைச் சுத்தி உப்பளம். தாமிரபரணி கடல்ல கலக்கிற கடைக்கோடி வேற. நல்ல தண்ணி அருமையை நமக்குச் சொல்லியா தரணும்?

களத்துல இறங்குவோமா? திருகுக் குழாய்னா, முதல்ல கேட் வால்வை மூடுங்க. குழாயைத் திறந்து மிச்சத் தண்ணியை வடிய விடுங்க. ஸ்பேனரால மேல்பாகத்தைக் கழற்றினா, அடியில தேஞ்சுபோன வாஷர் இருக்கும். அதைக் கடைக்கே எடுத்துட்டுப் போய் அதே சைஸ் வாங்குங்க. உப்பு படிஞ்சிருந்தா எலுமிச்சைச் சாறு தேய்ச்சுக் கழுவுங்க. மாட்டி முறுக்கிட்டு, வால்வை மெதுவா திறங்க. அவ்வளவுதான்!

கால் சுத்துலயே மூடுற புது மாடலா? அதுல வாஷருக்குப் பதிலா உள்ளே இருக்கிற காட்ரிட்ஜை மாத்தணும்.

உங்க வீட்டுக் குழாய் ஓகேவா? அடுத்த ஞாயிறு, பக்கத்து வீட்டு ஆச்சி கதவைத் தட்டுங்க!