1,400 கி.மீ. அதிகம், 2 மணி நேரம் குறைவு

டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே எவ்வளவு தூரம்? உலக உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்து அளந்தால் சுமார் 12,400 கி.மீ. வரும். நூல் வட துருவத்தை ஒட்டிப் போகும். ஏர் இந்தியா விமானம் அந்த வழியில் போகவில்லை. ஐரோப்பா, அட்லாண்டிக் என்று மேற்கே சுமார் 13,900 கி.மீ. பறந்துகொண்டிருந்தது. 2016 அக்டோபரில் திசையையே மாற்றினார்கள். கிழக்கே பசிபிக் கடலைத் தாண்டிப் போன அந்த விமானம் 15,300 கி.மீ. பறந்தது. ஆனால் பதினாலரை மணி நேரத்தில் இறங்கிவிட்டது. பழைய வழியைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மிச்சம்!

வகுத்துப் பாருங்கள்: சராசரியாக மணிக்கு 1,055 கி.மீ. ஆனால் போயிங் 777 வழக்கமாகக் காற்றில் போகும் வேகம் 900 கி.மீ. சொச்சம்தான். மீதி 150 கி.மீ. காற்று கொடுத்த இனாம்.

தரையிலிருந்து 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ‘ஜெட் ஸ்ட்ரீம்’தான் அந்தக் காற்று. வெப்பமண்டலத்தின் சூடும் துருவத்தின் குளிரும் அதைக் கிளப்புகின்றன; பூமியின் சுழற்சி அதைக் கிழக்கே திருப்புகிறது. சில நாட்களில் அதன் வேகம் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டும். ஜப்பானிய வானிலை அறிஞர் வாசபுரோ ஓயிஷி, 1920களிலேயே பலூன்களைப் பறக்கவிட்டு இதைக் கண்டுபிடித்துவிட்டார். உலகமே படிக்கட்டும் என்று, எல்லா நாட்டவருக்கும் பொதுவாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் எழுதிவைத்தார்; கிட்டத்தட்ட யாருமே படிக்கவில்லை! இரண்டாம் உலகப் போரில் ஜப்பானுக்கு மேலே பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் மாட்டித் திணறின.

‘பூமி கிழக்கே சுழல்கிறது, மேற்கே பறந்தால் ஊர் நம்மை நோக்கி வந்துவிடாதா?’ என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. வராது. பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுழல்கிறது. விமானம் பறப்பது அந்தக் காற்றுக்குள். ஆற்றோடு போகும் பரிசலைப் போல. 2020 பிப்ரவரியில், சியாரா புயல் வீசிய நாளில், பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரைக்கணக்கில் அதன் வேகம் ஒரு கட்டத்தில் 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஆனாலும் அது ஒலியை முந்தவில்லை. சுற்றியிருந்த காற்றும் கூடவே ஓடியதால், அந்தக் காற்றைப் பொறுத்தவரை அது வழக்கமான வேகத்தில்தான் போனது.

போகும்போது கிடைத்த லாபம் திரும்பும்போது கழிந்து, கணக்கு நேராகிவிடும் என்றுதான் தோன்றும். ஆகாது. 5,400 கி.மீ. தூரத்தை 900 கி.மீ. வேகத்தில் போய்வர, காற்றே இல்லாவிட்டால் 12 மணி நேரம். மணிக்கு 100 கி.மீ. காற்று வீசினால், போக 5 மணி 24 நிமிடம், திரும்ப 6 மணி 45 நிமிடம். மொத்தத்தில் 9 நிமிடம் நஷ்டம். எதிர்க்காற்றில்தான் விமானம் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறது. காற்று வலுக்க வலுக்க இந்த நஷ்டமும் கூடும். ரெடிங் பல்கலைக்கழகத்தின் பால் வில்லியம்ஸ் 2016இல் வெளியிட்ட ஆய்வு, கார்பன் டை ஆக்சைடு பெருகினால் அட்லாண்டிக்கின் மேலே அதுதான் நடக்கும் என்றது. லண்டன் போகும் விமானங்கள் வேகமெடுக்கும், நியூயார்க் போகும் விமானங்கள் தாமதமாகும், போய்வர ஆகும் மொத்த நேரம் நீளும். அதற்காக எரியும் கூடுதல் எரிபொருளிலிருந்து வருவதும் கார்பன் டை ஆக்சைடுதான்.