கூண்டுக்குள் காட்டுயிர்

பினாங்குக் கொடிமலைக் காட்டில் இரவில் மட்டும் நடமாடும் விலங்கு ஒன்று உண்டு. உருண்டைக் கண்களும் மென்மையான உரோமமும் கொண்ட அதனை மலாய் மொழியில் ‘கொங்காங்’ என்பர். அது தேவாங்கு இனத்தைச் சேர்ந்தது. அதன் அழகே அதற்குப் பகையாகிவிட்டது. செல்லப்பிராணியாக விற்பதற்கென்றே பலர் அதனைப் பிடிக்கின்றனர். இவ்வாறு காட்டு விலங்கை வீட்டில் வளர்ப்பதைச் சட்டம் அனுமதிக்கிறதா?

தீபகற்ப மலேசியாவில் இதற்கு விடை தருவது 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமாகும். இச்சட்டம் விலங்குகளை இரு பிரிவுகளாக வகுக்கிறது. நீள்வால் குரங்கு போன்ற ‘பாதுகாக்கப்பட்ட’ விலங்குகளை வைத்திருக்க, பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையின் உரிமம் தேவை. தேவாங்கு, சூரியக் கரடி, புலி போன்றவை ‘முழுமையாகப் பாதுகாக்கப்பட்ட’ விலங்குகள். இவற்றை வைத்திருக்க அமைச்சரின் சிறப்பு அனுமதி வேண்டும். “காசு கொடுத்து வாங்கினேன்; அன்பாகத்தான் வளர்க்கிறேன்” என்பது அனுமதிக்கு ஈடாகாது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், கடுமையான குற்றங்களுக்கு ஒரு மில்லியன் ரிங்கிட் வரை அபராதமும் 15 ஆண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். அனுமதியின்றி இணையத்தில் விற்பனை விளம்பரம் செய்வதும் குற்றமாகும்.

சட்டம் இவ்வளவு கடுமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தேவாங்கின் முழங்கைப் பகுதியில் சுரக்கும் திரவம் உமிழ்நீருடன் கலந்தால் நஞ்சாகிறது. அது கடிக்காதிருக்க, விற்பவர்கள் அதன் பற்களை வெட்டிவிடுகின்றனர். பல்லிழந்த தேவாங்கைக் காட்டில் விட்டாலும் அது பிழைப்பது அரிது. மேலும், அது பெரும்பாலும் ஓர் ஈற்றில் ஒரு குட்டியே ஈனும். எனவே, குறைந்த எண்ணிக்கை எளிதில் ஈடாவதில்லை.

வாங்குவோர் இருப்பதால்தான் கடத்துவோரும் இருக்கின்றனர். 2010-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பினாங்கிலிருந்து ஜகார்த்தா செல்லவிருந்த ஆன்சன் வோங் என்ற வணிகரின் பெட்டி கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் உடைந்தது. அதனுள் 95 போவா பாம்புகள் இருந்தன. அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

சிலர் ஆசையால் அன்றி, இரக்கத்தால் தவறு செய்கின்றனர். சாலையோரத்தில் தனித்திருக்கும் குட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுகின்றனர். தாய் அருகிலேயே இருக்கக்கூடும். ஆகவே, குட்டியைத் தொடாமல் பெர்ஹிலித்தானுக்குத் தகவல் தெரிவிப்பதே முறை. காட்டுயிரைக் காட்டிலேயே வாழ விடுவதுதான் உண்மையான அன்பு.