தேடிப் பார்க்க வேண்டிய படங்கள் – 11: உப்பு மண்ணும் தொலைநோக்கியும்

சிலி நாட்டின் வடக்கே இருக்கிறது அத்தகாமா பாலைவனம். காற்றில் ஈரம் என்பதே அநேகமாகக் கிடையாது. அதனால் வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்கும். உலகின் மிகப் பெரிய தொலைநோக்கிகளில் பல அங்கேதான் நிற்கின்றன. அதே வறட்சி, மண்ணுக்குள் போனதையும் மட்கவிடுவதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழைய உடல்கள்கூட அங்கே தோலும் முடியுமாகக் கிடைத்திருக்கின்றன. பத்ரீசியோ குஸ்மான் 2010இல் எடுத்த ‘நாஸ்டால்ஜியா ஃபார் தி லைட்’ என்ற ஆவணப்படம் இந்த வானத்தையும் இந்த மண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. ஒன்றரை மணி நேரப் படம். இந்தத் தொடரில் ஒரே ஒரு படத்தைத்தான் சொல்ல முடியும் என்றிருந்தால் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

1973 செப்டம்பர் 11 அன்று சிலி ராணுவம் அதிபர் அயெந்தேயின் ஆட்சியைக் கவிழ்த்தது. ராணுவத் தளபதி பினோசெத்தின் சர்வாதிகாரம் 1990 வரை நீடித்தது. ஆட்சி கவிழ்ந்த மறுமாதமே ராணுவக் குழு ஒன்று ஹெலிகாப்டரில் ஊர் ஊராக இறங்கி அரசியல் கைதிகளைக் கொன்றது. பாலைவன நகரமான கலாமாவில் மட்டும் 26 பேர். அவர்களைப் புதைத்த இடத்தைப் பிறகு ராணுவமே தோண்டி, உடல்களை அள்ளி வேறெங்கோ கொண்டுபோனது. அள்ளும்போது சிதறிய துண்டுகள் மண்ணிலேயே தங்கிவிட்டன. அந்தத் துண்டுகளைத்தான் கலாமாவின் பெண்கள் கையில் சிறு மண்வாரியோடு பல ஆண்டுகள் தேடினார்கள். குஸ்மான் அங்கே போனபோதும் சிலர் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அவர்களில் விக்டோரியா சாவேத்ரா என்ற பெண்மணி கொல்லப்பட்ட தன் தம்பியின் உடலில் கிடைத்ததைச் சொல்கிறார். சில பற்கள், மண்டையோட்டின் சில துண்டுகள், ஒரு பாதம். பாதம் கருஞ்சிவப்புக் காலுறைக்குள் அப்படியே இருந்ததாம். இரவில் எழுந்துபோய் அதைத் தடவிக்கொடுத்திருக்கிறார். மறுநாள் கணவர் வேலைக்குப் போன பிறகு காலை முழுவதும் அந்தப் பாதத்தோடு உட்கார்ந்திருந்தேன் என்கிறார். சொல்லும்போது குரல் உயரவில்லை. குஸ்மானும் அழவைக்கும் கேள்வி எதையும் போடுவதில்லை. ஆவணப்படம் எடுக்க ஆசைப்படும் இளைஞர்கள் இந்த ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

சரி, தொலைநோக்கி எதற்கு? நாம் பார்க்கும் ஒளி எல்லாமே பழைய ஒளி என்று படத்தில் வானியலாளர் காஸ்பர் காலாஸ் விளக்குகிறார். சூரியனின் ஒளி நம்மிடம் வந்து சேர எட்டு நிமிடம் ஆகிறது. தூரத்து விண்மீன் என்றால் கோடிக்கணக்கான ஆண்டுகள்கூட ஆகலாம். அப்படியானால் வானியலாளரும் இறந்த காலத்தைத்தான் தோண்டுகிறார். அவருக்கு ஆய்வுக்கூடம் உண்டு, பணம் உண்டு, மரியாதை உண்டு. முப்பது நாற்பது ஆண்டுக்கு முந்தைய காலத்தைத் தோண்டிய பெண்களிடம் மட்டும், போனது போகட்டும், விட்டுவிடுங்கள் என்றது நாடு. தேடி முடித்து நாங்கள் நிம்மதியாகத் தூங்கப் போகிறோம், அந்தப் பெண்களுக்கு எங்கே தூக்கம் என்று காலாஸே கேட்கிறார். அந்தப் பெண்களில் ஒருவரான வியோலெத்தா பெரியோஸ், இந்தத் தொலைநோக்கிகள் வானத்தைப் பார்ப்பதோடு நிற்காமல் மண்ணையும் ஊடுருவிப் பார்த்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்கிறார். இலங்கையின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 முதல் காணாமல் போன பிள்ளைகளின் படத்தோடு தெருவோரப் பந்தலில் உட்கார்ந்திருந்த அம்மாக்களை நினைக்காமல் இந்த இடத்தைக் கடக்க என்னால் முடியவில்லை. அவர்களில் பலர் விடை தெரியாமலே இறந்துவிட்டார்கள்.

சக்காபுக்கோ என்றொரு இடம் படத்தில் வருகிறது. ஒரு காலத்தில் வெடியுப்புச் சுரங்கத் தொழிலாளர்களின் குடியிருப்பு. ராணுவம் அதைச் சுற்றி முள்வேலி போட்டது. அவ்வளவுதான், சிறை முகாம் தயார். உள்ளே இருந்த கைதிகள் இரவில் வானியல் படித்தார்கள். நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டுபிடித்துத் தப்பிவிடுவார்களோ என்று பயந்து ராணுவம் அந்த வகுப்புகளைத் தடைசெய்தது. மிகேல் லாவ்னர் என்ற கட்டடக் கலைஞர் தான் அடைபட்ட முகாம்களைக் காலடியால் அளந்தார். இரவில் வரைந்து பார்த்து, விடிவதற்குள் கிழித்துப் போட்டார். பிறகு டென்மார்க்கில் அகதியாக இருந்தபோது மனதில் இருந்ததை அப்படியே திரும்ப வரைந்தார். குஸ்மான் அவரைச் சந்தித்தபோது அவருடைய மனைவிக்கு மறதி நோய். இருவரையும் ஒன்றாகக் காட்டுவதோடு படம் நிறுத்திக்கொள்கிறது.

படத்தில் எனக்கு உடன்பாடில்லாத இடமும் உண்டு. எலும்பில் இருக்கும் கால்சியம் நட்சத்திரங்களில் உண்டானது என்ற உண்மையே போதுமான கனம் உடையது. அதற்கு மேல் மின்னும் தூசியைத் திரை முழுக்க மிதக்கவிடுவது தேவையில்லாத அலங்காரம்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு படம், ஜோஷுவா ஓப்பன்ஹைமரின் ‘தி லுக் ஆஃப் சைலன்ஸ்’ (2014). 1965–66இல் இந்தோனேசியாவில் கம்யூனிஸ்டுகள் என்று சொல்லிக் குறைந்தது ஐந்து லட்சம் பேரைக் கொன்றார்கள். அதில் அண்ணனைப் பறிகொடுத்த ஆதி, அண்ணன் இறந்த பிறகு பிறந்தவர். கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுப்பது அவர் தொழில். படம் எடுத்தபோதும் கொன்றவர்கள் அதே வட்டாரத்தில் செல்வாக்கோடு இருந்தார்கள். ஒரு கிழவரின் முகத்தில் சோதனைக் கண்ணாடியை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே, அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார் ஆதி. படத்தின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் பல இடங்களில் ‘பெயர் வெளியிடப்படவில்லை’ என்றே இருக்கும். உடன் உழைத்த இந்தோனேசியர்களின் உயிருக்கு அப்போதும் ஆபத்து இருந்தது.

இரண்டையும் ஒரே நாளில் பார்க்காதீர்கள், மனம் தாங்காது. குஸ்மான் படத்தைக் கைபேசியில் பார்ப்பதும் வீண், பாலைவனம் அதற்குள் அடங்காது. நேரம் உள்ளவர்கள் அவருடைய ‘தி பேட்டில் ஆஃப் சிலி’யிலிருந்து தொடங்கலாம். மூன்று பாகம், நான்கு மணி நேரத்துக்கு மேல். கவிழ்ப்புக்கு முந்தைய மாதங்களில் தெருவில் நின்று எடுத்தது. அதன் ஒளிப்பதிவாளர் ஹோர்ஹே முல்லரை 1974இல் பிடித்துக்கொண்டு போனார்கள். இன்றுவரை அவரும் காணாமல் போனவர்களில் ஒருவர்.