கண் திறந்த தூக்கம்

டீ வருவதற்குள் ஒரு கேள்வி. சேலத்தில் லோடு ஏற்றிக்கொண்டு கரூர் பக்கம் போகும் டிரைவர், ஆண்டகளூர் கேட்டைத் தாண்டியது ஞாபகம் இருக்கிறது, புதுச்சத்திரம் எப்போது வந்தது எப்போது போனது என்றே தெரியவில்லை என்கிறார். வண்டிக்கு ஒரு கீறலும் இல்லை. நடுவில் அவர் தூங்கினாரா, விழித்திருந்தாரா?

லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளும், கேஸ் டேங்கர்களும், போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் நிறைந்த நாமக்கல் பக்கம் இது. இந்தக் கேள்வி இங்கே வெறும் உளவியல் பாடமாக நின்றுவிடாது. பதிலும் ஒன்றல்ல. டிரைவருக்கு இரண்டு வெவ்வேறு விஷயங்களில் ஏதாவது ஒன்று நடந்திருக்கலாம்; பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

முதலாவது, விழிப்பு இருந்தும் கவனம் வேறெங்கோ போய்விடுவது. கை கியரை மாற்றுகிறது, கால் பிரேக்கை மிதிக்கிறது, மனமோ மகளின் காலேஜ் ஃபீஸில் கிடக்கிறது. பழகிய வேலையைச் செய்ய மூளைக்கு முழுக் கவனம் தேவைப்படுவதில்லை. கவனிக்காதது நினைவில் தங்குவதும் இல்லை. புதுச்சத்திரம் காணாமல் போனது அப்படித்தான். எதிரே திடீரென்று ஒரு டிராக்டர் குறுக்கிட்டால் இவர் பெரும்பாலும் மீண்டுவிடுவார், கொஞ்சம் தாமதமாக.

இதில் சாலைக்கும் பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நேரம் ஆக ஆகப் புள்ளிகளைத் தவறவிட்டார்கள். ஏன் என்று கேம்பிரிட்ஜில் நார்மன் மேக்வர்த் ஆராய்ந்தார். கடிகாரம் போன்ற ஒன்றில் முள் ஒவ்வொரு நொடியும் ஒரு தாவல் தாவும். எப்போதாவது இரட்டைத் தாவல். அதைக் கண்டால் பொத்தானை அழுத்த வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு. முதல் அரை மணி நேரத்திலேயே கண்டுபிடிக்கும் திறன் இறங்கிவிட்டது. முடிவுகள் 1948இல் வெளியாயின. அரிதாக வரும் ஒன்றுக்காகக் காத்திருப்பதுதான் மனதுக்குக் கடினமான வேலை. பழைய ஏழாம் நம்பர் ரோட்டில் எதிர் வண்டி, மாடு, பள்ளம் என்று ஓயாமல் வேலை இருந்தது. இன்றைய 44ஆம் நம்பர் நால்வழிச் சாலை ராத்திரியில் டிரைவருக்கு ஒரு வேலையும் தருவதில்லை. நல்ல ரோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கும் ஒரு விலை உண்டு என்கிறேன்.

இரண்டாவதுதான் ஆளைக் கொல்வது. நுண்துயில் என்பார்கள். சில நொடிகள் மூளை அலைகள் மெதுவாகி, தூக்கத்தின் வாசலுக்குள் போய்த் திரும்பும். கண் பாதி திறந்தே இருக்கலாம். "அண்ணா, அசந்துட்டீங்களா?" என்று கிளீனர் கேட்டால், "இல்லடா தம்பி, முழிச்சுத்தான் இருக்கேன்" என்பார். பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடும். நான்கு நொடி அசந்தால், கிட்டத்தட்ட 90 மீட்டர் ஓட்டுநர் இல்லாத லாரி.

விழிப்பு சுவிட்சு மாதிரி இல்லை, ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி படிப்படியாக இறங்கும். (நனவு முதல் உயிர்ப்படக்கம் வரை சைவ சித்தாந்திகள் ஐந்து அவத்தைகளை, அதாவது நிலைகளை, எண்ணியிருக்கிறார்கள், அவர்கள் நோக்கம் வேறு, ஆனாலும் நுணுக்கமான பார்வை.) இறக்கிவிடுபவை இரண்டு. ஒன்று, விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேரும் அடினோசின் என்ற வேதிப்பொருள். மற்றொன்று உடம்பின் கடிகாரம். அது பின்னிரவு இரண்டிலிருந்து ஆறு வரை நம்மைத் தரைக்குத் தள்ளும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு சின்னத் தள்ளு. வெளிச்சம் அந்தக் கடிகாரத்தை எப்படி ஆட்டிவைக்கும் என்று நாமக்கல் பண்ணைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. முட்டைக் கோழிக்கு நாளுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் தருகிறவர் அவர்.

1997இல் டாசன், ரீட் என்ற இருவர் ஆஸ்திரேலியாவில் அளந்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவருக்குச் சமம். நம் சட்டம் அனுமதிப்பது 30. ஊதச் சொல்லும் கருவி இதைக் காட்டாது. 1961ஆம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்றது. மாற்று டிரைவர் இல்லாமல் ஒற்றை ஆளாகப் போகும் வண்டிகளைப் பார்க்கும்போது, அந்த எட்டு காகிதத்தில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

டீ வந்துவிட்டது, ஆறுவதற்குள் இதையும் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் ரோந்துப் போலீஸ் வண்டியை நிறுத்தி, முகம் கழுவ வைத்து, டீ கொடுத்து அனுப்புகிறார்கள். நல்ல காரியம், ஆனால் நேரக் கணக்கில் ஓட்டை இருக்கிறது. குளிர்ந்த தண்ணீர், ஜன்னல் காற்று, பாட்டு எல்லாம் சிறிது நேரத்துக்குத்தான். டீயில் உள்ள காஃபீன், அடினோசின் உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதற்கு இருபது நிமிடமாவது ஆகும். முகத்தின் ஈரம் காய்ந்து, காஃபீன் இன்னும் ஏறாத அந்த இடைவெளியில் டிரைவர் மறுபடி ரோட்டில் இருப்பார்.

இங்கிலாந்தில் லஃப்பரோவில் ஹோர்னும் ரெய்னரும் 1990களில் சோதித்த வழி எளிது. முதலில் காஃபீன், உடனே கால் மணி நேரம் தூக்கம். எழும்போது இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். அவர்கள் கொடுத்தது 150 மில்லிகிராம் அளவு. நம் கடை கிளாஸ் டீயில் அதைவிட மிகக் குறைவு, ஆகவே ஸ்ட்ராங்காகச் சொல்லுங்கள், தூக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அரை மணிக்கு மேல் நீண்டால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய், எழுந்ததும் தலை பாரமாக இருக்கும். அதனால் அலாரம் வைத்துப் படுத்து, எழுந்ததும் நேராக ஸ்டியரிங்கைப் பிடிக்காமல், கீழே இறங்கி டயரை எல்லாம் ஒரு சுற்றுத் தட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.